சம்பளமா, பங்கா

திண்டிவனத்தில் பத்திர ஆபீசுக்குப் போகும் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு பத்திர எழுத்தர் கடைக்கும் நடுவே, பத்துக்குப் பத்து அறையில் அன்புச்செல்வன் நிலம் வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகு ஆபீஸ் வைத்திருந்தார். இளவரசி அங்கே நான்கு வருடமாக வேலை பார்த்தாள். ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவள். வயது முப்பத்தாறு. கணவன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினான், சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவான். மகள் கலைப்பிரியா பத்தாவது படித்தாள்.

ஆபீசில் அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவளுக்கே சட்டென்று சொல்ல வராது. வில்லங்கச் சான்று எடுப்பாள். பட்டாவையும் மூலப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு சர்வே எண் பொருந்துகிறதா என்று பார்ப்பாள். சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய், வரப்பில் நடக்கவைத்து எல்லைக்கல்லைக் காட்டுவாள். வந்தவர்கள் மனைவி மக்களோடு வந்திருந்தால் பாத்ரூம் எங்கே, நல்ல சாப்பாடு எங்கே என்பதும் அவள் பொறுப்புதான். அவள் பெற்றோருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. மற்றவர்கள் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கியே காலத்தைத் தள்ளினவர்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் எந்த ஏரிக்கரை ஓரம் தண்ணீர் நிற்கும், எந்தப் பாதை பட்டாவில் இருக்கிறது, எது வாய்ப்பேச்சில் மட்டும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அன்புச்செல்வனுக்கே தெரியாது.

சம்பளம் பதினோராயிரம். ஒன்றாம் தேதி காலையில் மேஜைமேல் கவர் இருக்கும். பொங்கலுக்கு ஒரு புடவை, ஆயிரம் ரூபாய். இதில் ஒரு மாதம்கூட அன்புச்செல்வன் தவறியதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

போன வருடம் ஆவணி மாதம் ஒலக்கூர் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் முத்துசாமி போன் செய்து, பக்கத்து ஊரில் மூன்று ஏக்கர் விலைக்கு வருகிறது என்று சொன்னார். அண்ணன் தம்பி இரண்டு பேர் நிலம்; அண்ணன் கண்ணையன், தம்பி ராஜ்குமார். கிணறு உண்டு, இலவச மின்சாரம் உண்டு, தார்ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதே வாரத்தில் சென்னையில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம் என்பவர், கொய்யா வைப்பதற்கு நிலம் வேண்டும் என்று வந்தார். பார்த்தார், பிடித்துப்போயிற்று. ஒரு கோடியை ஒட்டி விலை பேசி முடித்தார்கள். இரண்டு தரப்புத் தரகும் சேர்த்து ஆபீசுக்கு இரண்டு லட்சம் வரும்.

அட்வான்ஸ் போடுவதற்கு நான்கு நாள் இருந்தபோது மயிலம் கூட்டுரோட்டில் அன்புச்செல்வன் பைக்குக்குக் குறுக்கே ஒரு நாய் ஓடிவந்தது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தகடு வைத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போய்ப் பார்த்த இளவரசியிடம் அவர் ஆபீஸ் சாவிக்கொத்தைக் கொடுத்தார். இந்த ஒரு பத்திரம் முடிந்தால்தான் ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட முடியும், எப்படியாவது முடித்துவிடு என்று சொன்னார். அவர் மனைவி பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் தலையை ஆட்டினாள்.

இளவரசி அன்று பஸ்ஸில் வரும்போதே பையில் இருந்த காகிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பட்டா அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரில் கூட்டாக இருந்தது. பத்திரம் அவர்கள் அப்பா பெயரில் இருந்தது. அப்பா செத்து ஒன்பது வருடம். நடுவில் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றும் வில்லங்கத்தில் வரவில்லை. வாரிசுச் சான்றிதழைக் கேட்டால் அது பரணில் எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று கண்ணையன் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

மறுநாள் நிலத்துக்குப் போனாள். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நிலம் கைமாறப்போகிறதாமே என்று அவர்களே பேச்சை எடுத்தார்கள். பேச்சோடு பேச்சாக, இந்த வீட்டில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்டாள். மூன்று என்றாள் ஒருத்தி. மூத்தவள் பெண், பெயர் பாஞ்சாலி, கெடாரில் கட்டிக்கொடுத்திருக்கிறது, அப்பா காரியத்துக்கு வந்து போனவள்தான்.

கண்ணையன் வீட்டுக்கு நேராகப் போனாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வீட்டுக்காரர்கள் எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்தார்கள், அவளுக்குப் பேப்பர் கப்பில் வந்தது. அது அவளுக்குப் புதிதில்லை. டீயைக் குடித்துவிட்டு, உங்கள் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னாள்.

கண்ணையன் அதை மறுக்கவில்லை, தலையைச் சொறிந்தார். கல்யாணத்துக்கு நகை போட்டு, சீர் செய்து, மூன்று பிரசவமும் பார்த்தாகிவிட்டது, இன்னும் என்ன என்று ராஜ்குமார்தான் குரலை உயர்த்தினான். கடைசியில் அண்ணன் ஒரு வழி சொன்னார். பாஞ்சாலி தன் பாத்தியதையை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிவிடலாம். அவளுக்கு ஒரு பட்டுப்புடவையும் பதினைந்தாயிரமும் கொடுத்துவிடலாம். தாங்கள் போனால் பழைய கதையெல்லாம் வரும். பெண்ணுக்குப் பெண் பேசினால் சுலபமாக முடியும். இளவரசியே போய்ப் பேசி, எந்தத் தேதிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறாள் என்று கேட்டு வரட்டும். அதற்கு இளவரசியைத் தனியாகக் கவனித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அவள் வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அன்புச்செல்வன் வலிக்கு ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "கையெழுத்து வாங்கிடும்மா. எப்படின்னு நீ பாத்துக்க," என்றார்.

மறுநாள் விழுப்புரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து கெடாருக்குப் போனாள். மடியில் பத்திர எழுத்தர் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தின் நகல். வழியெல்லாம் அவளுக்கு மனசு சரியில்லை. சார் சொன்னதைச் செய்வதுதான் தன் வேலை. பில் ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பத்திரம் நின்றுபோனால் அடுத்த மாதம் கவர் வைக்க அவரிடம் பணம் இருக்குமா என்பதும் தெரியாது. கையெழுத்து வாங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இந்த மாதிரி எத்தனையோ பெண்கள் எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனதை அவள் பத்திர ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

பாஞ்சாலிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். களத்தில் மல்லாட்டையைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒலக்கூர் பக்கம் இருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டாள். சோறு போட்டுவிட்டுத்தான் என்ன சேதி என்று கேட்டாள்.

இளவரசி சொன்னாள். நிலம் விலை பேசியிருப்பதைச் சொன்னாள். தம்பிகள் எழுதச் சொன்ன பத்திரம் இது என்று எடுத்து வைத்தாள். பாஞ்சாலிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ சொல்லும்மா. போடலாமா?"

இளவரசி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். போடலாம் என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும்.

"நான் சொல்றது சரியா இருக்காதுக்கா. இதுல இன்னா எழுதியிருக்குதோ அதைப் படிச்சுக் காட்டறேன். அப்பால நீங்களே முடிவு பண்ணுங்க," என்றாள்.

படித்தாள். பத்திரத் தமிழை ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அது என்ன என்று சாதாரணப் பேச்சில் திருப்பிச் சொன்னாள். தனக்குச் சேரவேண்டியது முழுவதும் ரொக்கமாகச் சேர்ந்துவிட்டது என்றும், இனி தனக்கோ தன் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் இல்லை என்றும் எழுதியிருந்த இடம் வந்தபோது பாஞ்சாலி கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். நிலம் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டாள். இளவரசி அதையும் மறைக்கவில்லை.

பாஞ்சாலி எழுந்து போய் மல்லாட்டையை ஒரு சுற்றுக் கிளறிவிட்டு வந்தாள். அந்தக் கிணற்றுக்கு மண் சுமந்ததில் தனக்கும் பங்கு உண்டு என்றாள். அப்போது பதிமூன்று வயது, ராஜ்குமார் பிறக்கவே இல்லை.

"மூணுல ஒரு பங்கு எனக்கு வேணாம். தம்பிங்க புள்ளைக்குட்டிக்காரனுங்க. நாலுல ஒண்ணு குடுக்கட்டும். ஆனா விட்டுக்குடுத்தேன்னு எழுத மாட்டேன். விக்கிறவங்க பேருல என் பேரும் வரணும். வந்து குந்தி கையெழுத்துப் போடறேன்."

அதற்கப்புறம் பத்து நாள் இளவரசி பட்ட பாடு கொஞ்சமில்லை. ராஜ்குமார் ஆபீசுக்கே வந்து, கெட்ட வார்த்தை மட்டும்தான் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கப் போனவள் காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தாளா என்று கேட்டான். உன்னை யார் அங்கே வியாக்கியானம் செய்யச் சொன்னது என்று கண்ணையன் கேட்டார். அன்புச்செல்வனும் ஆஸ்பத்திரியில் இருந்து சத்தம் போட்டார். நான் சொன்னது ஒன்று, நீ செய்தது ஒன்று என்றார். போனை வைத்துவிட்டார். அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சமைக்காமல் படுத்துக்கொண்டாள். மகள்தான் மாவு வாங்கி வந்து தோசை ஊற்றினாள்.

ஆனால் தேவசகாயம் விஷயத்தைக் கேட்டதும் ஒன்று சொன்னார். அக்கா கையெழுத்து இல்லாமல் நான் வாங்க மாட்டேன், ஏமாற்றி வாங்கிய கையெழுத்தும் எனக்கு வேண்டாம், நாளைக்கு அவள் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனால் எழுபது வயதில் நான் படியேற முடியாது என்றார். மூன்று பேரும் சேர்ந்து விற்றால் பேசிய விலையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதை அவள் கண்ணையனிடம் கொண்டுபோய்ச் சொன்னாள். வேறு ஆள் வந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்பான் என்பதையும் பொறுமையாகச் சொன்னாள். கெடாருக்கு இன்னும் இரண்டு தடவை போனாள். இரண்டாவது தடவை கண்ணையனையும் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவும் தம்பியும் முதல் அரைமணி நேரம் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு பாஞ்சாலி அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

பாஞ்சாலி கேட்டபடி நாலில் ஒரு பங்குக்குத் தம்பிகள் ஒத்துக்கொண்டு, ஐப்பசியில் பத்திரம் முடிந்தது. அன்புச்செல்வன் ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மூன்று பேரும் வரிசையாக விரல் ரேகை வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டார்கள். பாஞ்சாலி மட்டும் பெயரை எழுத்து எழுத்தாக நிதானமாகப் போட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தாலும் அவசரப்படவில்லை. போகும்போது இளவரசிக்கு ஒரு பை மல்லாட்டை கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஆபீசில் தரகுப் பணத்தைப் பிரித்தார் அன்புச்செல்வன். முத்துசாமி வந்திருந்தார். நிலத்தைச் சொன்னவருக்கு ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலில் யாரும் மாற்றாத வழக்கம். இருபத்தைந்தாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். முத்துசாமி வாங்கிக்கொண்டு, இளவரசி போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்தியதும் அன்புச்செல்வன் இளவரசியைக் கூப்பிட்டு ஒரு கவர் கொடுத்தார். ரொம்ப அலைந்துவிட்டாய், வைத்துக்கொள் என்றார். வீட்டில் போய்ப் பிரித்துப் பார்த்தாள். ஐயாயிரம் இருந்தது.

இரண்டு நாள் அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஐயாயிரம் சின்னப் பணமில்லை. கேட்காமல் கொடுத்த பணம் அது. ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு போன் போட்டுச் சொன்னதற்கு இருபத்தைந்து, பஸ்ஸிலும் களத்திலும் திட்டு வாங்கியும் நாற்பது நாள் அலைந்ததற்கு ஐந்து என்ற நினைப்பு சோறு பிசையும்போதும் வந்தது, துணி துவைக்கும்போதும் வந்தது. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீசில் யாரும் இல்லாதபோது நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். சாதாரணமாக அவள் நின்றுதான் பேசுவாள்.

"சார், முத்துசாமி அண்ணனுக்குக் குடுத்தீங்க, தப்புன்னு சொல்லல. அவரு நெலத்தைச் சொன்னாரு. அந்தப் பத்திரத்துல நான் இன்னா பண்ணேன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

அன்புச்செல்வன் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் சுருங்கியது. அவர் கோபப்படவில்லை, மனசு நொந்துபோனார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் சொன்னதன் சாரம் இது. விழுப்புரத்தில் ஒரு பெரிய தரகரிடம் அவர் ஒன்பது வருடம் எடுபிடியாக இருந்தவர். அங்கே சம்பளம் என்று ஒன்று கிடையாது. பத்திரம் முடிந்த அன்று அந்த மனிதர் சட்டைப்பையில் கையை விட்டு வந்ததைக் கொடுப்பார். சில நாள் ஐநூறு, சில நாள் நாளைக்குப் பார்க்கலாம். பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்க அந்தத் தரகர் வீட்டு வாசலில் காலையில் ஏழு மணிக்குப் போய் நின்றிருக்கிறார். தனியாக ஆபீஸ் போட்டபோது ஒரே ஒரு முடிவு எடுத்தார். தன்னிடம் வேலை செய்கிறவர் யாரும் தன் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

"முந்தின வருசம் அஞ்சு மாசம் ஒரு பத்திரம் கெடையாது. நான் நகையை வெச்சுதான் உனக்கு ஒண்ணாந்தேதி கவர் வெச்சேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். உங்க வீட்டுல அக்கா சொன்னாங்க."

"அப்பறம் இன்னாம்மா. சம்பளமும் வேணும், பங்கும் வேணும்னா எப்படி? முத்துசாமிக்குச் சம்பளம் கெடையாதே. பங்குதான் வேணும்னா பங்கு எடுத்துக்க. சம்பளத்தை விட்டுடு. எதுன்னு நீயே சொல்லு."

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"சம்பளம் நான் தெனம் வர்றதுக்கு சார். நான் கேட்டது, அன்னிக்கிக் கெடாருக்குப் போனதுக்கு."

அன்று சாயங்காலம் அன்புச்செல்வன் தனக்குத் தெரிந்த தரகர்கள் இரண்டு பேருக்குப் போன் செய்தார். இது அவளுக்கு அப்புறம்தான் தெரியும். பங்கு கொடுத்துப் பழக்கினால் இரண்டு வருடத்தில் எதிர்க் கடை போட்டுவிடுவாள் என்றார் ஒருவர். தீபாவளிக்கு இன்னொரு புடவை எடுத்துக் கொடுத்து ஆற்றிவிடு என்றார் மற்றவர். புடவை என்ற வார்த்தையைக் கேட்டதும் தனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது என்று பிறகொரு நாள் அவளிடம் சொன்னார். கண்ணையன் அக்காவுக்குக் கொடுக்க நினைத்த பட்டுப்புடவையை நினைத்தாரா, பத்திர ஆபீசில் பாஞ்சாலி பேர் எழுதியதை நினைத்தாரா, அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

இளவரசி அந்த வாரம் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். பங்கு மட்டும் என்றால் நல்ல வருடத்தில் சம்பளத்தைவிட அதிகம் வரும். ஆனால் வீட்டு வாடகைக்கு நல்ல வருடம் கெட்ட வருடம் தெரியாது. சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நிம்மதி. ஆனால் கேட்டுவிட்ட பிறகு கேட்காத மாதிரி இருக்க அவளால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்த கணவன், சாரைப் பகைத்துக்கொள்ளாதே என்று முதலில் சொன்னான். முழுக் கதையும் கேட்டபிறகு, கம்பெனியில் தனக்கும் டிரிப்புக்குத் தனியாகப் பேட்டா உண்டு, மாதச் சம்பளம் வாங்குகிறான் என்று அதை யாரும் பிடித்துக்கொள்வதில்லையே என்றான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் ஆபீசுக்குப் போனபோது அன்புச்செல்வன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் நாற்காலி போட்டிருந்தது.

"உட்காரு. நானும் யோசிச்சேன்," என்றார்.

சம்பளம் அப்படியே இருக்கட்டும் என்றார். வெளியே கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு மிச்சம் நிற்கும் தரகில் அவளுக்குப் பத்தில் ஒன்று. ஆனால் அது அவள் அலைந்து முடித்த பத்திரத்துக்கு மட்டும். வில்லங்கம் எடுத்துக் கொடுத்ததற்கெல்லாம் கிடையாது. எது அலைந்தது, எது அலையாதது என்று யார் சொல்வது என்று அவள் கேட்டாள். அங்கே ஒரு மணி நேரம் போயிற்று. வாங்குகிறவரை நிலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியதிலிருந்து பதிவுவரை அவள் கூட இருந்தால் அது அலைந்தது. பாதியில் சேர்ந்தால் அதில் பாதி. வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பதில் பங்கு வேண்டாம் என்று அவளே விட்டாள். அதில் வருவதே ஒரு மாத வாடகை, அதைப் பிய்த்தால் அவருக்கு ஒன்றும் நிற்காது. பதிவு நடந்த அன்றே கொடுத்துவிட வேண்டும் என்றாள். சரி என்றார்.

"எழுதிக்கலாமா சார்?"

அவர் எத்தனை பேருக்கு ஒப்பந்தம் எழுதவைத்திருக்கிறார், நான்கு வருடமாகத் தன் மேஜைக்கு எதிரில் இருப்பவளோடு ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரே எழுதினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்.

"காகிதத்துல இருக்கிற குறையை நான் எடுத்துச் சொல்லி ஒரு வியாபாரம் நின்னுபோனா, அதுக்காக என் சம்பளத்துல கைவைக்கக் கூடாது."

இதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பேனாவை மூடினார், திறந்தார். ஜன்னல் வழியே ஜெராக்ஸ் கடைக் கூட்டத்தைப் பார்த்தார். கெடார் விஷயத்தில் தேவசகாயம் மட்டும் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் இரண்டு லட்சமும் போயிருக்கும், ஆஸ்பத்திரியில் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டார். பிறகு, "நான் சொன்னபடி நீ கையெழுத்து வாங்கியிருந்தா அந்த அம்மா புள்ளைங்க என் பேரைத்தான் ஊர் ஊராச் சொல்லியிருப்பாங்க," என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டு அந்த வரியையும் எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒலக்கூர் பத்திரத்திலிருந்தே இது நடப்புக்கு வரும் என்றும் ஒத்துக்கொண்டார். பதினேழாயிரத்து ஐநூறு. கொடுத்த ஐயாயிரம் போக மிச்சம் பன்னிரண்டாயிரத்து ஐநூறு. கையில் அவ்வளவு இல்லை, இரண்டு தவணையில் தருகிறேன் என்று சங்கடத்தோடு சொன்னார். தை பிறப்பதற்குள் கொடுத்தும் முடித்தார். அந்தப் பணத்தில் கலைப்பிரியாவுக்குக் கணக்கு டியூஷன் சேர்த்துவிட்டு, மீதியில் கணவன் பேச்சைக் கேட்காமல் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினாள் இளவரசி.

அதற்கப்புறம் எல்லாம் சுகமாகப் போயிற்று என்று சொல்வதற்கில்லை. மூன்று மாதம் ஒரு பதிவும் இல்லை. ஒன்றாம் தேதிக் கவர் மட்டும் வந்தது. பங்குனியில் திண்டிவனத்திலேயே ஒரு வீட்டுமனை முடிந்தது. அவள் பாதியில் சேர்ந்த வியாபாரம், இரண்டாயிரத்துச் சொச்சம் கிடைத்தது. அதில் பாதியா முழுசா என்று இரண்டு பேருக்கும் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துப் படித்துப் பார்த்தார்கள். பாதிதான் என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

சித்திரையில் இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு ஏக்கர் வந்தது. வாங்க வந்தவர் புதுச்சேரிக்காரர், பெரிய விலை. கையில் பணத்தோடு நின்றார். இளவரசி நிலத்தை நடந்து பார்த்துவிட்டு, புல வரைபடத்தை வைத்துப் பார்த்தாள். பாதி நிலம் ஏரிப் புறம்போக்கில் இருந்தது. வாங்க வந்தவருக்கு எதிரிலேயே அதைச் சொன்னாள். அவர் அந்த நிமிஷமே காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்புச்செல்வன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஏதாவது தேவை என்றால் ஜெராக்ஸ் கடைப் பையனிடம் சொல்லி அனுப்பினார். அவள் தன் பாட்டுக்கு வந்து, போன் எடுத்து, வில்லங்கம் போட்டு, சாயங்காலம் போனாள். மூன்றாம் நாள் ஒன்றாம் தேதி. மேஜைமேல் கவர் இருந்தது. எண்ணிப் பார்க்கலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மரக்காணம் ரோட்டில் ஒரு முந்திரித் தோப்பு சொல்லியிருக்கிறார்கள், அதன் காகிதத்தை வாங்குவதற்கு முன்னால் நிலத்தை ஒரு தடவை நீ போய் நடந்து பார்த்துவிட்டு வந்துவிடு என்றார். வெயில் ஏறுவதற்குள் ஜல்தியாகக் கிளம்பச் சொன்னார். பெட்ரோலுக்கு இருநூறு ரூபாய் எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியைத் தெருவில் இறக்கினாள்.